ஆளில்லாத பை

கமலாதேவி மச்சாளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மச்சாள் மேல் அல்ல. அவர் மேல் கோபப்படுகிற ஆள் இனித்தான் பிறக்க வேண்டும். எங்கள் திருகோணமலைப் பட்டணத்து பஸ்கள் மேல், அவற்றின் வாசலில் தொங்குகிற கொண்டக்டர்கள் மேல், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை ஆள்கிற நேரக்காப்பாளர் மேல். கடைசியில் என் மேலும்தான். அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு பஸ்ஸுக்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். ஓம், ஒரு பஸ்ஸுக்குத்தான்.

மச்சாள் சம்பூர்க்காரி. என் அம்மாவின் தமையனுடைய மூத்த மகள். வயது ஐம்பத்தெட்டு. கொஞ்சம் வயல், ஐந்து எருமைகள், அரை ஏக்கர் வளவுக்குள் ஒரு சின்னக் கல்வீடு. விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் பால் கறந்து, சட்டி சட்டியாகத் தயிர் போட்டு மூதூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். அவர் போடுகிற தயிரைச் சட்டியோடு கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது. அதிகம் கதைக்க மாட்டார். கதைக்கிற கொஞ்சத்தையும் மெதுவாகத்தான் கதைப்பார். எங்கள் குடும்பத்துக்கு வந்த வாய் முழுவதும் எனக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்லுவா.

2006இல் சண்டை வந்து சம்பூர் முழுதும் எழும்பி ஓடியபோது மச்சாளும் கணவர் அருளம்பலம் அண்ணனும் மகன் துவாரகனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். அந்த முகாமிலேதான் ஒருநாள் மத்தியானம் நெஞ்சு நோகுது என்று படுத்த அண்ணன் எழும்பவேயில்லை. ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று சொன்னபோது மச்சாளின் கையில் மிஞ்சியிருந்தது மகனும் ஒரு பொலித்தீன் உறையும்தான். அந்த உறைக்குள் வளவின் காணி உத்தரவுப்பத்திரம், அண்ணனின் பெயரில்.

அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். மடிப்புகளில் கிழிந்து, டேப் ஒட்டி, மை மங்கிப் போனது. ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் அது மச்சாளின் சட்டைக்குள் இருந்தது. ஆறு கடக்கும்போது கொண்டைக்குள் செருகியிருந்தாராம். முகாமில் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். வீடு போனது, மாடுகள் போனது, மனிசன் போனார். அந்தத் தாள் மட்டும் போகவில்லை. அது இருந்தபடியால்தான் காடு மண்டிக் கிடந்த வளவைக் காட்டி, இது எங்கட என்று அவரால் சொல்ல முடிந்தது.

போன வருசம் கடிதம் ஒன்று வந்தது. இறந்தவர்களின் பெயரில் இருக்கிற உத்தரவுப்பத்திரங்களை மனைவியின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க ஒரு நடமாடும் சேவை நடக்கிறதாம். உப்புவெளிப் பக்கம் ஒரு மண்டபத்தில், செவ்வாய்க்கிழமை. மூலப்பத்திரம் கையில் இருக்க வேண்டும். பத்தரை மணிக்கு முன்னர் வரிசையில் நிற்க வேண்டும். பத்திரம் காட்டாதவர்களின் காணி, ஆவணமில்லாத காணி என்று வேறு பட்டியலுக்குப் போகும். சம்பூர்க் காணிக்குச் சம்பூரில் வைத்து விசாரணை நடத்தினால் யாருடைய கால் நோகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஐம்பது அறுபது பேர் பஸ் ஏறி வரவேண்டும், நாலு பேர் கதிரையில் இருந்துகொண்டு கூப்பிட வேண்டும். எப்போதும் அப்படித்தானே.

இந்த இடத்தில் சம்பூர் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காலையில் சம்பூரிலிருந்து பட்டணத்துக்கு வருகிற பஸ்ஸை ஓட்டுகிறவர் மூதூரைச் சேர்ந்த ஸெய்னுதீன் நானா. பஸ் சந்தியில் வந்து நின்றதும் சனம் ஏறித் தங்கள் பையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடும். ஒருத்தி போய்ப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னுவாள். இன்னொருவர் ஒரு பிளேன்ரீ குடிப்பார். நேரம் வந்ததும் நானா கண்ணாடியில் பார்ப்பார். "அந்தப் பச்சைப் பை ஆர்ர?" என்று கேட்பார். "கமலாக்காட. இந்தா வாறா" என்று யாராவது சொல்லுவார்கள். நானா காத்திருப்பார். சீட்டில் பை இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை.

முகாமிலும் இதே சட்டம்தான். தண்ணீர் பவுசர் வருகிற நாளில் விடியவே வரிசையில் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார்ப்பார்கள். எந்தக் கல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் அடுத்தவர் கல்லைத் தாண்ட மாட்டார்கள். ஒருமுறை ஒருத்தி ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டதற்கு முகாமே இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லையாம். ஒன்றுமே இல்லாமல் இருந்த சனம் ஒரு கல்லுக்குக் கொடுத்த மரியாதை அது.

பட்டணத்தில் நாங்கள் மனிசருக்கே அதைக் கொடுப்பதில்லை. நான் லிங்கநகரில் இருந்து இருபது வருசமாக பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஃபோட்டோ கொப்பி, டைப்பிங் கடை ஒன்றில் வேலை. எங்கள் பிரைவேட் பஸ்களை எனக்குத் தெரியும். சீட் நிரம்பும்வரை ஆமை. பின்னால் இன்னொரு பஸ் வந்துவிட்டால் பேய் பிடித்த மாதிரி. ஏறும்போது ஒரு கால் றோட்டில் இருக்கும், பஸ் போய்க்கொண்டிருக்கும். "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று கத்துவார்கள், உள்ளே ஊசி குத்த இடம் இருக்காது. முன் கண்ணாடியில் ஒரு ஊரின் பெயர் இருக்கும், கொண்டக்டர் வேறு ஊரின் பெயரைக் கூவுவான். ஊருக்குப் புதிதாக வந்தவர் இரண்டில் எதை நம்புவது? இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னரே மச்சாள் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிட்டார். பக்கத்து வளவு நிரோஜினியும் கூட வந்திருந்தாள். அவளுக்கும் அதே வரிசை. "அக்கா வாங்கோ, இந்த முதல் பஸ்ஸில போயிடுவம்" என்று அவள் கூப்பிட்டிருக்கிறாள். கூட வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தபடியால் மச்சாள் போகவில்லை. அவர் எனக்குப் போன் எடுத்தபோது நான் இன்னும் வீட்டு வாசலில்தான். "அடுத்த நிலாவெளி பஸ்ஸும் உப்புவெளியாலதான் போகும், அதில ஏறி இருங்கோ மச்சாள், நான் இந்தா வந்திட்டன்" என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபது. நிலாவெளி பஸ் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தின் நடுவில் மச்சாள் தனியே நின்றார். கை இரண்டும் ஈரம். கையில் ஒன்றும் இல்லை.

"பை எங்க மச்சாள்?"

"பஸ்ஸில" என்றார்.

நடந்தது இதுதான். மச்சாள் பஸ்ஸில் ஏறிச் சீட் பிடித்திருக்கிறார். விடியப்புறம் வீட்டை விட்டு வெளிக்கிட்ட பெண், பாத்ரூமுக்குப் போக வேண்டாமா? பைக்குள் எனக்கென்று கொண்டு வந்த தயிர்ச்சட்டி, சாப்பாட்டுப் பார்சல், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பொலித்தீன் உறை. தண்ணீர் தேங்கிக் கிடக்கிற பஸ் ஸ்டாண்ட் கக்கூசுக்குள் தயிரையும் காணிப் பத்திரத்தையும் யார்தான் கொண்டு போவார்கள்? பையைச் சீட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, கொண்டக்டரிடம் போய், "தம்பி, என்ர பை இருக்கு, நான் இப்ப வந்திடுவன்" என்று சொல்லியிருக்கிறார். "இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு அம்மா" என்று அவனும் தலையாட்டியிருக்கிறான். கக்கூசடியில் வரிசை. வந்து பார்த்தால் பஸ் இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பத்தியெரிந்தது. நான் நேரே நேரக்காப்பாளரின் கூட்டுக்குப் போனேன்.

"நிலாவெளி பஸ் எத்தனை மணிக்கு எடுக்கவேணும்?"

"எட்டரைக்கு."

"இப்ப என்ன நேரம்?"

அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. "பின்னால மற்ற பஸ் வந்திட்டுது. அவன் எடுத்திட்டான்."

"அவன் நினைச்ச நேரம் எடுக்கிறதெண்டா, நீங்கள் இந்தக் கூட்டுக்குள்ள இருந்து என்னத்தை எழுதிறனீங்கள்?"

"அக்கா, இங்க நிண்டு கத்த வேண்டாம். பையை வைச்சிட்டுப் போனா பஸ் நிக்குமே?"

பக்கத்தில் வந்து நின்ற மச்சாள் அவருக்கு விளக்கினார். "இல்லத் தம்பி, சொல்லிப்போட்டுத்தான் போனனான். அந்தப் பிள்ளை தலையாட்டினது."

அதைக் கேட்டு அவர் சிரித்தார். ஐயோ, அந்தச் சிரிப்பு! கொண்டக்டர் தலையாட்டினதை நம்பின ஒரு ஆளைத் தன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டவர் மாதிரிச் சிரித்தார். எனக்கு அவருடைய விசிலைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. "அதுக்குள்ள இவவின்ர காணிப் பத்திரம் இருக்கு. ஒறிஜினல். பத்தரைக்குக் காட்டவேணும்" என்றேன். அதற்குப் பிறகுதான் கொண்டக்டருக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. அந்த பஸ்ஸுக்குள் போடுகிற பாட்டுச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

வெளியே நின்ற ஆட்டோக்காரன் இல்ஹாம் எங்கள் சண்டையை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "சிவப்புக் கோடு போட்ட பஸ்தானே? ஏறுங்க அக்கா, பிடிப்பம்" என்றான்.

ஆட்டோவில் போகும்போது நான் நிற்பாட்டாமல் ஏசிக்கொண்டு வந்தேன். பஸ்ஸை ஏசினேன், கொண்டக்டரை ஏசினேன், அவனைப் பெற்றவர்களைக்கூட விடவில்லை. மச்சாள், குறை சொல்கிற தொனியே இல்லாமல், "அவன் சொல்லி நான் வைக்கேல்லத் தர்சினி. நீ சொன்னபடி உன்ர சீட்டிலதான் வைச்சனான்" என்றார்.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். போனில் நான் சொன்னது முழுதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. "ஏறி இருங்கோ" என்றதோடு, "எனக்கும் ஒரு சீட் பிடிச்சு வையுங்கோ, பையை வைச்சா ஒருத்தரும் இருக்க மாட்டினம்" என்றும் சொல்லியிருந்தேன். பத்து நிமிடப் பயணம். நின்றுகொண்டு போனால் நான் செத்தா போய்விடுவேன்? இருபது வருசமாக இந்த பஸ்களில் போகிறவள், அந்தப் பையை ஒருநாளும் கையை விட்டு எடுக்காதையுங்கோ மச்சாள், இது உங்கட ஊர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரிலுள்ளவர்களின் தாள்களை எல்லாம் கொப்பி எடுத்துக் கொடுக்கிற நான் அவருடைய பத்திரத்தை ஒரு கொப்பி எடுத்து வைக்கவும் இல்லை.

அலஸ்தோட்டம் பஸ் ஹோல்ட்டடியில் சனம் கூடி நின்றது. ஏதோ அக்சிடென்ற் ஆக்கும் என்று இல்ஹாம் வளைத்து ஓட்டினான். நாங்களும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸை சாம்பல்தீவுச் சந்தியில் பிடித்தோம். பிடித்தோம் என்ன, எங்களை விட்டுவிட்டுப் பறந்த அந்த மகாராசன் அங்கே ஆட்களுக்காகச் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தான். நான் ஏறிப் பார்த்தேன். மச்சாள் காட்டிய சீட்டில் ஒரு பெண் குழந்தையோடு இருந்தாள். பை இல்லை. சீட்டுக்குக் கீழேயும் இல்லை.

"எங்க பை?" என்று கொண்டக்டரைக் கேட்டேன். இருபத்தைந்து வயதிருக்கும், கறுப்புக் கண்ணாடி.

"அந்தப் பையா? அலஸ்தோட்டத்தில இறக்கி வைச்சிட்டன்."

"இறக்கி வைச்சியா? ஆற்ற பையை ஆர் இறக்கிறது?"

"அக்கா, ஆளில்லாத பை. தூக்கிப் பாத்தா பாரமா, உருண்டையா ஏதோ கட்டி வைச்சிருக்கு. 'ஆற்ற பை, ஆற்ற பை' எண்டு கேட்டம், ஒருத்தரும் இல்லையெண்டிட்டினம். சனம் கத்தத் தொடங்கிட்டுது. இப்ப காலம் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

குழந்தையோடு இருந்த பெண்ணும், "எங்களுக்குப் பயம்தானே அக்கா" என்றாள்.

காலம் எப்படி என்று எனக்குத் தெரியும். சந்தேகமான பொதிகளைக் கண்டால் அறிவியுங்கள் என்று மூன்று மொழியிலும் எழுதிய நோட்டீஸ் அந்த பஸ்ஸிலேயே ஒட்டியிருந்தது. அந்தப் பெண்ணை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் இவன்? இவனிடம் ஒரு மனிசி முகத்துக்கு முகம் வந்து, இது என்ர பை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"இவ உன்னட்டச் சொன்னவவா இல்லையா? நீ தலையாட்டினியா இல்லையா?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மச்சாளைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. "ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்து ஆயிரம் சொல்லுவினம் அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே எட்டிப் பார்த்து, "நிலாவெளி, நிலாவெளி" என்று கூவத் தொடங்கினான். அவ்வளவுதான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ அம்மா என்று ஒரு சொல் சொன்னால் நாக்கு அறுந்து விழுந்துவிடுமா? நான் அவனைப் பேசிய பேச்சை இங்கே எழுத ஏலாது.

ஆட்டோவைத் திருப்பினோம். சனம் கூடி நின்றது அக்சிடென்ற் இல்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பஸ் ஹோல்ட்டில் ஆட்கள் குந்துகிற சீமெந்து வாங்கில் மச்சாளின் பச்சைப் பை தனியே இருந்தது. சுற்றிவர ஐம்பது மீற்றர் தூரத்துக்கு ஒரு ஈ காக்காய் இல்லை. றோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சனம், பாதிப்பேர் கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு. இரண்டு பொலிஸ்காரர் குறுக்கே நின்று ஒருவரையும் விடவில்லை. யாரோ அதிகாரிகள் வருகிறார்களாம், அவர்கள் வரும்வரை தொட முடியாதாம். எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டேன், தெரியாது. வந்தால் என்ன செய்வார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டேன். "தூரத்தில வைச்சு வெடிக்க வைப்பினம்" என்றார், பெரிய விசயம் தெரிந்தவர் மாதிரி.

மணி ஒன்பதே முக்கால்.

நான் பொலிஸ்காரரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். அது இவருடைய பை, உள்ளே தயிர், காணிப் பத்திரம், பஸ்காரன் இறக்கிவிட்டான். இளைய பொலிஸ்காரன், நல்ல தமிழில்தான், "பொறுங்கோ அக்கா, பெரியவங்க வரட்டும்" என்றான். சரி, வரட்டும். பத்தே கால் ஆனது. ஒருவரும் வரவில்லை. நான் திரும்பவும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மச்சாள் என் கையைத் தொட்டார். "நீ கொஞ்சம் பேசாம இரு" என்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே நடந்தார்.

"எப்பா! எப்பா! அம்மா, போக வேண்டாம்!" சிங்களத்திலும் தமிழிலுமாக இரண்டு பேரும் கத்தினார்கள். இளையவன் ஓடிப்போய் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

மச்சாள் அவனை நிமிர்ந்து பார்த்தார். "மகன், குண்டு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். உதுக்குள்ள தயிர்" என்றார்.

அவன் கை மெல்லக் கீழே இறங்கியது. ஏன் விட்டான் என்று அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மச்சாள் போய் வாங்கில் குந்திக்கொண்டு பையை மடியில் வைத்து அவிழ்த்தார். இறக்கி வைத்தேன் என்றானே அந்த மகாராசன், எறிந்திருக்கிறான். சட்டி உடைந்து தயிர் பை முழுதும் பரவியிருந்தது. அவர் தயிருக்குள் கையை விட்டு அந்தப் பொலித்தீன் உறையை எடுத்தார். சேலையில் துடைத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். உள்ளே தாள் காய்ந்தபடி இருந்தது.

தயிரைக் கண்டதும் சனம் சிரித்தது. பெரிய சிரிப்பு. "தயிர்க் குண்டு" என்று யாரோ ஒருவன் கத்தினான். அதையும் படம் எடுத்திருப்பார்கள். சிரியுங்கள், ராசாக்களே. இவ்வளவு நேரமும் ஒரு சட்டித் தயிருக்குப் பயந்து றோட்டின் மற்றப் பக்கத்தில் நின்ற வீரர்கள்தானே நீங்கள்.

இல்ஹாம் எங்களை மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கியபோது பத்தே முக்கால் தாண்டிவிட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். வாசலில் நம்பர் கொடுக்கிற மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. ஆனால் வரிசையில் ஏதோ பிசகு இருந்தது. மேசைக்கும் முதல் ஆளுக்கும் நடுவில் ஒரு ஆளளவு இடைவெளி. அந்த இடைவெளியில், வெயில் கொதிக்கிற சீமெந்துத் தரையில், ஒரு நீலச் செருப்பு தனியே கிடந்தது. ஒற்றைச் செருப்பு.

மேசைக்குப் பின்னால் இருந்த எழுதுவினைஞர் கத்திக்கொண்டிருந்தார். "அடுத்த ஆள் வாங்கோ! நேரமும் முடிஞ்சுது. செருப்புக்கு நம்பர் குடுக்க ஏலாது எண்டு எத்தனை தரம் சொல்றது?"

முதலில் நின்ற வயதான மனிதர் அசையவில்லை. மச்சாளின் முகாமில் இரண்டு வரிசை தள்ளி இருந்தவர் அவர் என்று பிறகு சொன்னார்கள். "ஐயா, அந்தச் செருப்புக்குப் பிறகுதான் நாங்கள் வந்தனாங்கள். அதைத் தாண்டி வரமாட்டம்" என்றார். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர். ஒருவரும் வரமாட்டார்களாம். கால் மணித்தியாலமாக அப்படியே நிற்கிறார்களாம்.

நிரோஜினி தன் நம்பரை வாங்கிக்கொண்டு வேலியோரம் நின்றாள், ஒரு கால் வெறுங்கால், அதைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்தபடி. மச்சாளைக் கண்டதும், "வாங்கோ அக்கா, உங்கட இடம் இருக்கு" என்றாள், ஏதோ கலியாண வீட்டுப் பந்தியில் இடம் பிடித்து வைத்தவள் மாதிரி.

மச்சாள் போய்ச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். சேலை முழுதும் தயிர். பொலித்தீன் உறையை மேசையில் வைத்தார். எழுதுவினைஞர் அவரைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பின்னால் அசையாமல் நின்ற பத்துப் பேரையும் பார்த்தார். நம்பரைக் கிழித்துக் கொடுத்தார். பகல் ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்திரத்தைப் பார்த்துப் பதிந்துகொண்டு, முத்திரை குத்தி ஒரு கடிதம் கொடுத்தார்கள்: கமலாதேவி அருளம்பலம். அரை ஏக்கர்.

பின்னேரம் சம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட நானும் போனேன். ஸ்டாண்டில் ஸெய்னுதீன் நானாவின் பஸ் நின்றது. வெளிக்கிட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சம்பூர்ச் சனம் வழக்கம் போலப் பைகளைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கித் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனது. நிரோஜினியின் பை, அந்த வயதானவரின் குடை, யாருடையதோ ஒரு பாண் பார்சல். ஒவ்வொரு சீட்டிலும் ஏதோ ஒன்று.

"வாங்கோ மச்சாள், நாங்களும் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வருவம். காலமையிலிருந்து நீங்கள் ஒண்டும் வாயில வைக்கேல்ல" என்றேன்.

"நீ போய்க் குடி தர்சினி. எனக்கு வேண்டாம்."

அவர் சீட்டில் இருந்தார். கழுவிப் பிழிந்த அந்தப் பச்சைப் பை மடியில். அதன் மேல் இரண்டு கையும், விரல்கள் கோத்து.

நானா கண்ணாடியில் பார்த்தார். "என்ன கமலாக்கா, பையை வைச்சிட்டுப் போங்களேன். நான் இருக்கன்தானே."

மச்சாள் அவரைப் பார்த்துச் சிரித்தார். எழும்பவில்லை. நானா திரும்பி, என்ன என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். உங்கள் பஸ்ஸில் இத்தனை வருசமாகப் பையை வைத்துவிட்டுப் போன மனிசிக்கு, முகாமும் ஷெல்லும் கற்றுக்கொடுக்காத ஒன்றை எங்கள் பட்டணம் ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்று எப்படிச் சொல்வது?

நேரம் வந்தது. நானா கண்ணாடியில் பார்த்து ஒவ்வொரு பையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆள் வந்து சேர்ந்தது. பஸ் வெளிக்கிட்டது. மச்சாள் ஜன்னலால் எனக்குக் கை காட்டவில்லை. கை இரண்டும் பையின் மேல் இருந்தன.